முதியவருக்கு ஏற்ற பராமரிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெரும்பாலான குடும்பங்களில் இந்த முடிவு அவசரத்தில்தான் எடுக்கப்படுகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சையும் முடிந்து, 'நாளைக்கு அழைத்துச் செல்லலாம்' என்று மருத்துவமனையில் சொல்லும்போதுதான், இனி இவரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி முதன்முறையாக எழுகிறது. அப்போது விசாரிக்க நேரம் இருப்பதில்லை. இடம் காலியாக இருக்கும் ஏதேனும் ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டு, பிறகு அதையே நியாயப்படுத்திக்கொள்ள வேண்டியதாகிறது. ஆகவே, பெரியவர் ஓரளவு நன்றாக நடமாடும் காலத்திலேயே, அவரையும் உடன் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்குவது எல்லோருக்கும் நல்லது.

தொடங்கும்போது பலரும் கேட்பது, 'எந்த முதியோர் இல்லம் நல்ல இல்லம்?' என்பதையே. அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: இவருக்கு எந்த நேரத்தில், எந்த வேலைக்கு, எவ்வளவு உதவி தேவைப்படுகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா, பகல்நேர மையம் போதுமா, இல்லத்தில் சேர்ப்பதுதான் வழியா என்பது பாதிக்குமேல் தெளிந்துவிடும். விடை தெரியாமல் இடம் தேடினால், கட்டடத்தின் அழகும் வரவேற்பறையில் கிடைக்கும் உபசரிப்புமே நம் முடிவைத் தீர்மானிக்கும்.

ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

உதவித் தேவையை அளப்பதற்கு உலகெங்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் தம் குழுவினருடன் 1963-இல் வெளியிட்ட அந்த அளவுகோலில் ஆறே செயல்கள்தான் உள்ளன: குளிப்பது, உடை உடுத்துவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்வது, தானே உண்பது. பெரும்பாலும் குளிப்பதில்தான் முதலில் சிரமம் தொடங்கும். தானே எடுத்து உண்ணும் திறன் கடைசிவரை நிற்கும். இதனுடன் 1969-இல் லாட்டன், பிரோடி என்ற இருவர் எட்டுச் செயல்கள் கொண்ட மற்றொரு பட்டியலை வகுத்தார்கள்: தொலைபேசியில் பேசுவது, கடைக்குச் செல்வது, சமைப்பது, வீட்டைப் பேணுவது, துணி துவைப்பது, வெளியே பயணம் செய்வது, மருந்துகளைச் சரியாக எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது. மறதி தொடங்கும் காலத்தில் இந்த இரண்டாவது பட்டியலில்தான் முதலில் தடுமாற்றம் தெரியும். கட்டணங்கள் கட்டப்படாமல் கிடப்பதும், ஒரே மாத்திரை இரண்டு முறை விழுங்கப்படுவதும் அதன் அறிகுறிகள்.

ஒரு தாளில் இந்தப் பதினான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தானே செய்கிறார், நினைவூட்டினால் அல்லது அருகில் ஒருவர் நின்றால் செய்கிறார், மற்றவர் கை கொடுத்தால்தான் செய்கிறார். நடுவில் உள்ளதைப் பலரும் தவறவிடுகிறார்கள். சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தால் தானே போட்டுக்கொள்ளும் ஒருவரை 'உடுத்தத் தெரியாதவர்' என்று குறித்துவிட்டால், அவரைச் சேர்க்கும் இடத்தில் ஊழியரே அவருக்கு உடுத்திவிடத் தொடங்குவார். மீதமிருக்கும் திறனும் சில மாதங்களில் போய்விடும்.

அடுத்ததாக, என் கருத்தில் மிக முக்கியமான பிரிவினை ஒன்றைச் செய்யுங்கள். தேவைப்படும் உதவிகளில் எவற்றுக்கு நேரம் குறிக்க முடியும், எவற்றுக்கு முடியாது? குளியலைக் காலை ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளலாம். மாத்திரைக்கும் நேரம் உண்டு. ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற உந்துதலோ, இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் திறந்து வெளியே போக முயல்வதோ நேரம் பார்த்து வருவதில்லை. குறித்த நேரத்தில் மட்டுமே உதவி தேவைப்படுபவர், நாளுக்கு இரண்டு மணி நேரம் வந்துபோகும் பணியாளரின் துணையோடு தம் வீட்டிலேயே பல ஆண்டுகள் இருக்க முடியும். எந்த நேரத்திலும் உதவி தேவைப்படலாம் என்ற நிலை வந்துவிட்டால், எந்த நேரமும் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். வீட்டுப் பராமரிப்புக்கும் இல்லத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு பெரும்பாலும் இங்குதான் விழுகிறது. நோயின் பெயரோ வயதோ அதைத் தீர்மானிப்பதில்லை.

இரவுகளையும் சேர்த்து ஒரு வாரம் முழுவதும் கவனித்து எழுதுங்கள். உடன் வசிக்காத பிள்ளைகள் வார இறுதியில் வந்து பார்க்கும்போது, பெரியவர் தம்மிடம் உள்ள தெம்பையெல்லாம் திரட்டி நன்றாக இருப்பதுபோல் நடந்துகொள்வார். நான்காவது நாளில்தான் உண்மை நிலை தெரியும்.

விழும் அபாயத்தை வீட்டிலேயே ஓரளவு மதிப்பிடலாம். கைப்பிடி உள்ள நாற்காலியில் அவரை உட்காரவைத்து, மூன்று மீட்டர் தொலைவில் தரையில் ஒரு கோடு போடுங்கள். அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் கைத்தடியுடன் எழுந்து, கோடு வரை தம் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து, மறுபடி உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். தாங்கிப் பிடிக்கும் தொலைவில் ஒருவர் கூடவே வர வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாகக் கொண்டு மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் கலந்தாலோசிப்பது நல்லது. 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுதோறும் 28 முதல் 35 சதவீதம் பேர் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. ஆகவே, இந்த எளிய சோதனையை யாருக்கும் செய்து பார்ப்பதில் தவறில்லை.

சரிசெய்யக்கூடியதை முதலில் சரிசெய்யுங்கள்

நிரந்தர முடிவுக்கு முன் ஒரு முழுமையான மருத்துவப் பரிசோதனை அவசியம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால் அது பெரும்பாலும் மறதிநோய் அன்று. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் விளைவாக வரும் தற்காலிகக் குழப்பநிலையாக இருக்கலாம். அதை அவசர நிலையாகவே கருத வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைப் போலவே தோற்றம் காட்டும். கண்புரையும் கேட்புத்திறன் குறைவும் ஒருவரை ஒதுங்கியவராகவும் தடுமாறுபவராகவும் ஆக்கிவிடும். மருந்துகளையும் ஒருமுறை அலசுங்கள். முதியவர்களுக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியலை மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் முதன்முதலாக வகுத்தார். இன்றும் அது அவர் பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டு வருகிறது. சில தூக்க மாத்திரைகளும், மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில ஒவ்வாமை மாத்திரைகளும்கூட அதில் உள்ளன. எடுத்துக்கொள்ளும் அத்தனை மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் சென்று, 'இவற்றில் எவற்றை நிறுத்தலாம்?' என்று கேளுங்கள்.

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் ஒருவரின் நிலையை வைத்து அவருடைய எஞ்சிய காலத்துக்கான முடிவை எடுக்கக் கூடாது. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு எழுந்து நடப்பவர்கள் பலர். மறுவாழ்வுப் பயிற்சி தரும் மையத்தில் குறுகிய காலம் தங்கவைத்து, தேறிய அளவைப் பார்த்த பிறகு முடிவு செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.

அவருடைய விருப்பம்

முதியோருக்கான கோட்பாடுகள் என்று 18 கோட்பாடுகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991-இல் ஏற்றுக்கொண்டது. தற்சார்பு, பங்கேற்பு, பராமரிப்பு, தம் திறன்களை முழுமையாக வளர்த்துக்கொள்ளுதல், கண்ணியம் என்ற ஐந்து தலைப்புகளில் அவை அமைந்துள்ளன. நடைமுறையில் இதன் பொருள் எளியது: பெரியவர் இல்லாத கூட்டத்தில் அவருடைய எதிர்காலத்தைப் பற்றிப் பேசி முடித்துவிடாதீர்கள்.

'இல்லத்துக்குப் போகிறீர்களா?' என்று கேட்டால், கைவிடப்படுகிறோம் என்ற அச்சமே முதலில் எழும். பேச்சு அங்கேயே நின்றுவிடும். மாறாக, நாளில் எந்த நேரம் மிகவும் கடினமாக இருக்கிறது, எதைச் செய்ய முடியாமல் போனால் அதிகம் வருந்துவீர்கள், யாருடைய கையால் குளிக்கச் சம்மதிப்பீர்கள், இரவில் தனியாக இருக்கப் பயமா என்று கேளுங்கள். விடைகளில் பல எதிர்பாராதவையாக இருக்கும். தம் அறைக் கதவைத் தாமே தாழிட்டுக்கொள்ள முடிய வேண்டும் என்பது ஒருவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாக இருக்கலாம்; மற்றொருவருக்குக் கணவரோடு ஒரே அறையில் இருப்பது. அவற்றை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பார்க்கும் ஒவ்வோர் இடத்தையும் அவற்றோடு ஒப்பிடுங்கள். மறதிநோய் முற்றியவரிடமும் இரண்டு படங்களையோ இரண்டு அறைகளையோ காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்க முடியும். முகமே விடை சொல்லும்.

அவருடைய சார்பில் மருத்துவ முடிவுகளையும் பண முடிவுகளையும் எடுக்க யாருக்கு அதிகாரம் என்பதை, அவர் தெளிவாக இருக்கும்போதே, உங்கள் நாட்டுச் சட்டப்படி வழக்கறிஞர் மூலம் எழுதி வாங்கிவிட வேண்டும். தெளிவு போன பிறகு அந்த ஆவணத்தில் அவரால் கையொப்பமிட முடியாது. பிறகு நீதிமன்றம் போக நேரிடும்.

என்னென்ன வழிகள் உண்டு

சொந்த வீட்டிலேயே இருப்பதுதான் பெரும்பாலானோரின் விருப்பம். அதற்கான மாற்றங்கள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல: கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரோடு உறுதியாகப் பொருத்திய கைப்பிடிகள், வழுக்காத தரை, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவில் எரியும் விளக்கு, தளர்ந்து கிடக்கும் விரிப்புகளையும் மின்கம்பிகளையும் அகற்றுவது, உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி, கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான். மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பொத்தானை அழுத்தி, மறுமுனையில் யார் பேசுகிறார்கள் என்று சோதித்துப் பாருங்கள்.

உதவியாளரை நிறுவனத்தின் மூலம் அமர்த்தலாம், நேரடியாகவும் அமர்த்தலாம். நேரடியாக அமர்த்தினால் செலவு குறையும். விருப்பமானவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். ஆனால் அவர் வராத நாளில் என்ன செய்வது என்ற பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். நிறுவனமானால், மாற்று ஆளை எத்தனை மணி நேரத்துக்குள் அனுப்புவார்கள், ஒரே ஆள் தொடர்ந்து வருவாரா, பின்னணி விசாரணை செய்திருக்கிறார்களா, என்ன பயிற்சி தந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வீட்டோடு தங்கும் உதவியாளரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு, இரவிலும் நான்கு முறை எழுந்து பெரியவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் ஒருவரால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது. அவருக்கும் தூக்கமும் வார விடுப்பும் வேண்டும். இரவு உதவி அதிகம் தேவைப்படும் நிலையில் வீட்டுப் பராமரிப்புக்குக் குறைந்தது இரண்டு பேர் தேவைப்படும் என்று கணக்கிட்டே செலவைத் திட்டமிடுங்கள்.

பகல்நேரப் பராமரிப்பு மையம், வேலைக்குச் செல்லும் பிள்ளைகளோடு வசிக்கும் பெரியவர்களுக்கு மிகவும் ஏற்றது. காலையில் சென்று மாலையில் திரும்பலாம், தனிமையும் தீரும். குறுகியகாலத் தங்கல் என்பது பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு கொடுப்பதற்காகச் சில நாள்களோ சில வாரங்களோ இல்லத்தில் தங்கவைப்பது. இதைப் பலரும் வெட்கத்துக்குரியதாக நினைத்துத் தவிர்க்கிறார்கள். ஆனால் பார்த்துக்கொள்பவர் நோயில் விழுந்தால் இருவருமே துன்பப்பட வேண்டிவரும். மேலும், ஒரு இல்லம் எப்படி இருக்கிறது என்று உள்ளிருந்து அறிந்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

முதியோர் குடியிருப்பு என்பது உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கானது. தனி வீடு, பொது உணவுக்கூடம், பாதுகாப்பு ஆகியவை இருக்கும். உடம்பைத் தொட்டுச் செய்யும் உதவி பெரும்பாலும் இருக்காது. பின்னாளில் அது தேவைப்பட்டால் அதே வளாகத்தில் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

உதவியுடன் வாழும் இல்லங்கள் இதற்கு அடுத்த நிலை. செவிலியர் இல்லம் மட்டுமே வழியாக இருந்த காலத்தில், பூட்டிக்கொள்ளக்கூடிய கதவும் சொந்தச் சமையலிடமும் கொண்ட தனி அறைகளில், தேவையான உதவி வந்து சேரும்படி ஒரு குடியிருப்பை அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1983-இல் கேரன் பிரவுன் வில்சன் என்பவர் தொடங்கினார். நோயாளியாக அல்லாமல் குடியிருப்பவராக ஒருவர் அங்கே வாழ முடிந்தது. இன்று இதே பெயர்ப்பலகையோடு பல தரத்தில் இடங்கள் இயங்குகின்றன. ஆகவே பலகையை விட்டுவிட்டு, உங்கள் பதினான்கு வரித் தாளை நீட்டி, இவற்றில் எவற்றை நீங்கள் செய்வீர்கள் என்று கேட்பதே பயன் தரும்.

செவிலியர் இல்லம், இருபத்துநான்கு மணி நேரமும் பயிற்சி பெற்ற செவிலியர் தேவைப்படுபவர்களுக்கானது: குழாய் வழி உணவு, ஆறாத புண்கள், ஆக்சிஜன், முற்றிலும் படுக்கையில் இருக்கும் நிலை.

மறதிநோய் உள்ளவர்களுக்கான தனிப் பிரிவுகளில், பூட்டிய கதவு மட்டும் சிறப்பு என்றால் அது போதாது. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் திறக்கப்பட்ட ஹோகவேக் குடியிருப்பில் ஆறேழு பேர் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். வெளிச்சுற்று மட்டும் பாதுகாப்பாக இருக்க, உள்ளே தெருவிலும் தோட்டத்திலும் தடையின்றி நடக்கிறார்கள். அமெரிக்காவின் டூப்பலோ நகரில் 2003-இல் மருத்துவர் பில் தாமஸின் முயற்சியில் கட்டப்பட்ட சிறு இல்லங்களில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அத்தகைய இடம் உங்களுக்கு எட்டாமல் இருக்கலாம். ஆனால் எங்கே சேர்த்தாலும் மூன்றைப் பார்க்க முடியும்: எத்தனை பேர் ஒரு கூடத்தில் இருக்கிறார்கள், அவர்கள் வெளியே வெயிலில் நடக்க இடம் உண்டா, தினமும் அதே ஊழியர்கள் வருகிறார்களா.

நேரில் பார்க்கும்போது

முதல் முறை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அடுத்த முறை சொல்லாமல், மாலை ஏழு மணிக்கோ விடுமுறை நாளிலோ செல்லுங்கள். ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் ஓர் இல்லத்தின் உண்மை முகம் தெரியும். உள்ளே போனதும் மேலாளரோடு அறைக்குள் சென்று அமர்ந்துவிடாமல், பொதுக்கூடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

அழைப்பு மணி ஒலிக்கிறதா என்று காது கொடுங்கள். ஒலித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் வருகிறாரா, வந்தவர் மணியை மட்டும் அணைத்துவிட்டு 'இதோ வருகிறேன்' என்று போய்விடுகிறாரா, அல்லது குனிந்து, முகத்துக்கு நேராக, பெயர் சொல்லி என்ன வேண்டும் என்று கேட்கிறாரா? குடிக்கத் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அல்லது அழகாக மேசையின் மறுகோடியில் இருக்கிறதா? கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடும், கேட்புக்கருவி உள்ளவர்கள் அதோடும் இருக்கிறார்களா? காலில் இருப்பது பொருத்தமான காலணியா, வெறும் காலுறையா? அறைக்குள் நுழையும் ஊழியர் கதவைத் தட்டுகிறாரா? சக்கர நாற்காலியில் தலை தொங்கத் தூங்குபவர்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறார்களா? சிறுநீர் நாற்றம் ஓர் அறையில் இருந்தால் அது அந்த நேரத்து நிகழ்வு; நடைபாதை முழுவதும் இருந்தால் அது வழக்கம். கடுமையான வாசனைத் திரவியம் வீசினாலும் அதே ஐயம் எழ வேண்டும்.

உணவு நேரத்தில் ஒருமுறை அங்கே இருங்கள். தானே உண்ண முடியாதவருக்கு ஊட்டுபவர் அமர்ந்துகொண்டு ஊட்டுகிறாரா, நின்றபடி இருவருக்கு மாறி மாறி ஊட்டுகிறாரா என்பது, அங்கே எத்தனை ஊழியர் இருக்கிறார்கள் என்ற எண்ணைவிட அதிகம் சொல்லும்.

பிறகு கேள்விகள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அவர்களில் செவிலியர் உண்டா? கடந்த ஓராண்டில் எத்தனை ஊழியர் விலகினார்கள்? மருந்தை யார் எடுத்துக் கொடுக்கிறார், எங்கே பதிவு செய்கிறார்? ஒருவர் விழுந்தால் குடும்பத்துக்கு எப்போது சொல்வீர்கள்? தானே புரள முடியாதவரை எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறீர்கள், அந்தப் பதிவைக் காட்ட முடியுமா? கட்டிவைக்கும் வழக்கம் உண்டா? கலக்கமாக இருப்பவர்களுக்கு மனநோய்க்கான மருந்துகள் தருவதுண்டா, யார் முடிவு செய்கிறார்? மறதிநோய் உள்ள முதியவர்களிடம் இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரிக்கை வெளியிட்டது. எனவே, ஊழியர் பற்றாக்குறைக்கு மாற்றாக அவை தரப்படும் இடத்தில் பெரியவரைச் சேர்க்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு; அதைக் கேட்பவர்கள் குறைவு. 'எந்த நிலை வந்தால் இவரை வேறு இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று எங்களிடம் சொல்வீர்கள்?' நடக்க முடியாமல் போனாலா, படுக்கையிலேயே மலம் கழித்தாலா, இரவில் கூச்சலிட்டாலா? இதற்கு நேரான விடை கிடைக்காத இடத்தில், இரண்டாவது இடமாற்றம் எப்போது வரும் என்று தெரியாமல் வாழ வேண்டியிருக்கும்.

முதியவர்களுக்குச் சிறு முடிவுகளை எடுக்கும் உரிமை கிடைக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியர் இல்லத்தில் ஒரு தளத்தில் இருந்தவர்களுக்குத் தங்கள் அன்றாடத்தைத் தாங்களே தீர்மானிக்கும் பொறுப்பும், பார்த்துக்கொள்ள ஒரு செடியும் தரப்பட்டன. மற்றொரு தளத்தில் எல்லாவற்றையும் ஊழியரே செய்தனர். முதல் தளத்தினர் அதிக விழிப்போடும் ஈடுபாட்டோடும் இருந்தது தெரியவந்தது. எழும் நேரத்தையும் குளிக்கும் நேரத்தையும் தாமே முடிவு செய்ய முடியுமா என்று ஊழியரிடம் கேட்காமல், அங்கு வசிப்பவர் ஒருவரிடம் கேளுங்கள்.

ஒப்பந்தமும் பணமும்

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள். அன்றே கையொப்பமிடச் சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள். மாதக் கட்டணத்தில் எவை அடங்கும், எவற்றுக்குத் தனிக் கட்டணம் என்று பட்டியலாகக் கேளுங்கள். டயப்பர், சலவை, பிசியோதெரபி, மருத்துவமனைக்கு உடன் வரும் ஆள் ஆகியவைதான் வழக்கமாகப் பின்னர் கூடுதலாகச் சேரும். உதவித் தேவை கூடும்போது கட்டணம் எந்த அளவில் உயரும், ஆண்டு உயர்வு எவ்வளவு, மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கும் அறைக் கட்டணம் உண்டா, வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு, பெரியவர் காலமானால் வைப்புத்தொகை எப்போது திரும்பும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். உறவினராகக் கையொப்பமிடும்போது, பெரியவரின் பணம் தீர்ந்தால் நீங்களே செலுத்துவதாக ஒப்புக்கொள்ளும் வரி ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். உரிமம் நடப்பில் உள்ளதா, அரசு ஆய்வு அறிக்கை உண்டா, தீயணைப்புச் சான்று இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

செலவைக் கணக்கிடும்போது இன்றைய கட்டணத்தை வைத்து மட்டும் பார்க்காமல், உதவி இரு மடங்கானால் கையிருப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்று போட்டுப் பாருங்கள். அரசு உதவி, ஓய்வூதியம், காப்பீடு ஆகியவற்றில் எது பராமரிப்புச் செலவை ஏற்கும், எது மருத்துவச் செலவை மட்டும் ஏற்கும் என்பதில் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. சாதாரண மருத்துவக் காப்பீடு நீண்டகாலப் பராமரிப்புக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை.

இடம் மாறும் நாள்களில்

'சும்மா பார்த்துவிட்டு வரலாம்' என்று பொய் சொல்லி அழைத்துச் சென்று விட்டுவிட்டு வருவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அதன்பின் எதைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். அவருடைய தலையணை, போர்வை, நாற்காலி, கடிகாரம், குடும்பப் படங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே கொண்டுசென்று, அவர் வரும்போது அறை அவருடையதாகத் தெரியும்படி அடுக்கிவையுங்கள். கட்டில் அருகே கழிப்பறை எந்தப் பக்கம் இருந்ததோ, முடிந்தால் அதே பக்கத்தில் அமையும்படி பாருங்கள். இரவில் பழக்கத்தில் திரும்பி நடப்பவர்கள் விழாமல் இருக்க இது உதவும்.

ஒரே பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள். என்ன பெயரில் அழைத்தால் பிடிக்கும், என்ன தொழில் செய்தார், எப்போது உறங்குவார், எதற்குப் பயப்படுவார், வலித்தால் எப்படிக் காட்டுவார், கோபம் வந்தால் எது தணிக்கும் என்பவை அதில் இருக்கட்டும். பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்த ஒருவர் இரவில் விழித்துத் திரிவதற்கும், காரணம் அறியாத ஊழியர் அதற்கு மாத்திரை கேட்பதற்கும் இடையே இந்தத் தாள் குறுக்கே நிற்கும்.

முதல் சில வாரங்கள் கடினமானவை. 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று கேட்பார். மறதிநோய் உள்ளவரிடம் இதுதான் இனி உங்கள் வீடு என்று வாதாடுவதால் பயனில்லை. வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நடங்கள். தெளிவாக இருப்பவரிடம், மூன்று மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று உறுதி தந்து, அந்த நாளில் உண்மையிலேயே பேசுங்கள்.

சேர்த்த பிறகு

60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டில் ஏதேனும் ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாவதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்தக் கணக்கு இல்லங்களுக்கு வெளியே வாழ்பவர்களைப் பற்றியது. இல்லங்களுக்குள் நிலைமை இன்னும் மோசம் என்றும், அங்குள்ள ஊழியர்களில் மூன்றில் இரு பங்கினர் கடந்த ஓராண்டில் தாமே அவ்வாறு நடந்துகொண்டதாக ஒப்புக்கொண்டுள்ளனர் என்றும் அதே அமைப்பு குறிப்பிடுகிறது. ஆகவே வீடு பாதுகாப்பு, இல்லம் ஆபத்து என்றோ, அதற்கு எதிர்மாறாகவோ எண்ணிவிட முடியாது. எங்கே இருந்தாலும் யாரேனும் தவறாமல் வந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடிக்கடி பார்க்க ஆள் வரும் முதியவரை ஊழியர்களும் கூடுதல் கவனத்தோடு நடத்துகிறார்கள்.

போகும்போதெல்லாம் எடை குறைகிறதா, உதடு வறண்டிருக்கிறதா, விளக்கம் சொல்ல முடியாத கன்றல் உண்டா, குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்தால் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். படுக்கையில் இருப்பவரானால், ஊழியரின் துணையோடு குதிகால், இடுப்பின் பக்கங்கள், முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அன்றே செவிலியரிடம் சொல்லி, புரட்டும் நேரத்தையும் மெத்தையையும் மாற்றச் செய்ய வேண்டும். குறைகளைத் தேதியோடு எழுதி வைத்து, முதலில் பொறுப்புச் செவிலியரிடமும், பிறகு மேலாளரிடமும், அதன்பின் கண்காணிக்கும் அரசுத் துறையிடமும் எடுத்துச் செல்லுங்கள். நல்லதைச் செய்யும் ஊழியரைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் தவறாதீர்கள். குறைந்த சம்பளத்தில் கடினமான வேலை செய்பவர்கள் அவர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு மருத்துவமனைத் தங்கலுக்குப் பிறகும் அந்தப் பதினான்கு வரித் தாளை மறுபடி நிரப்புங்கள். தேவை கூடியிருந்தால் பராமரிப்புத் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் தானே செய்ய விடச் சொல்லுங்கள்.

இறுதிக்காலத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் முதல் வளர்ந்துவந்த நோய்த்தணிப்புப் பராமரிப்பு, குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியையும் மூச்சுத்திணறலையும் அச்சத்தையும் தணிக்க முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. அது சொந்த வீட்டிலும், பல இல்லங்களிலும் கிடைக்கக்கூடியது. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்கு அந்தக் குழுவினர் வருவார்களா என்று கேளுங்கள். இதயம் நின்றால் மீட்க முயல வேண்டுமா, குழாய் வழியாக உணவு தரலாமா, கடைசி நாள்களில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா, இருக்கும் இடத்திலேயே இருக்க விரும்புகிறாரா என்று பெரியவரிடமும் மருத்துவரிடமும் பேசி, முடிவை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அதன் ஒரு படி இல்லத்தின் கோப்பிலும், மற்றொன்று மருத்துவமனைக்குச் செல்லும்போது உடன் அனுப்பப்படும் உறையிலும், இன்னொன்று நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கப்போகும் குடும்பத்தினரிடமும் இருக்க வேண்டும்.